பாம்புக்குப் பால் வைத்தால் புண்ணியமா? வைத்தவருக்குப் பாவம், குடித்த பாம்புக்குச் சாவு!

ஏற்காடு:

வீட்டுக்குள் பாம்பு வந்தால் நம் ஊரில் இரண்டில் ஒன்று நடக்கும். கம்பு வரும், இல்லாவிட்டால் பால் கிண்ணம் வரும்! கரடியூர் காப்பித் தோட்டமாக இருந்தாலும் சரி, கீழே சேலம் கடைவீதியாக இருந்தாலும் சரி, இதுதான் வழக்கம்.

கம்பால் அடித்தால் பாம்பு உடனே சாகும். பாலை ஊற்றினால் மெதுவாகச் சாகும். வித்தியாசம் அவ்வளவுதான்!

பெட்டிக்குள் 22 பாம்பு

2023 ஏப்ரல் கடைசியில் சென்னை விமான நிலையத்தில் ஒரு பரபரப்பு. கோலாலம்பூரிலிருந்து வந்து இறங்கிய ஒரு பெண் பயணியின் பெட்டிகளை சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். உள்ளே நெளிந்தவை 22 பாம்புகள்! கூடவே ஒரு பச்சோந்தி.

இப்படிக் கடத்தி வரும் பாம்புகள் எங்கே போகின்றன? பெரும்பாலும் ஆசைக்குப் பாம்பு வளர்க்கும் ஆசாமிகளிடம். கண்ணாடிப் பெட்டி, மின்சார விளக்கு எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் "இது என்ன சாப்பிடும்?" என்ற கேள்விக்குப் பலரிடம் பதில் இருக்காது. பாலும் முட்டையும் வைப்பார்கள். பாம்பு தொடாது. "பசி இல்லை போல" என்று விட்டுவிடுவார்கள்.

பால் ஏன் ஆகாது?

குட்டிக்குப் பால் கொடுத்து வளர்க்கும் பிராணிகளுக்குத்தான் பால் உணவு. பாம்புக் குஞ்சுக்குத் தாய்ப்பால் என்பதே கிடையாது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி அதன் வயிற்றுக்கு இல்லை.

"மகுடி ஊதுகிறவர் கூடையில் பாம்பு குடித்ததை என் கண்ணால் பார்த்தேனே!" என்று கேட்பவர் உண்டு. பார்த்தது நிஜம்தான். அதன் பின்னணி கொடுமையானது. பல நாள் சொட்டுத் தண்ணீர் காட்டாமல் பாம்பைக் காயப் போடுவார்கள். நாக்கு வறண்ட பாம்பு எந்த ஈரத்தைக் கண்டாலும் வாய் வைக்கும். அப்படி வலுக்கட்டாயமாகக் குடிக்கும் பால் மூச்சுக் குழாய்க்குள் போய் நுரையீரலில் சீழ் பிடிக்கும். வேடிக்கை பார்த்தவர் காசு போட்டுவிட்டுப் போய்விடுவார். பாம்பு கூடைக்குள்ளேயே செத்துப் போகும்.

புற்றில் ஊற்றும் பால்? அது எறும்புக்குத்தான் லாபம்!

முழுசாக விழுங்கணும்

அப்படியானால் பாம்புக்கு எது சாப்பாடு? இனத்துக்கு இனம் மெனு வேறு.

சாரைக்கும் நல்ல பாம்புக்கும் எலி, தவளை. தண்ணீர்ப் பாம்புக்கு மீன், தவளை. பச்சைப் பாம்புக்கு ஓணான், தவளை. ராஜ நாகத்துக்கு மற்ற பாம்புகளே விருந்து! நம் சேர்வராயன் மலைக்கே ஒரு மண்பாம்பு உண்டு. வால் நுனி மொண்ணையாக இருக்கும், விஷம் கிடையாது. 1863-ல் பெடோம் என்ற ஆங்கிலேயர் இந்த மலையிலிருந்து பதிவு செய்து, ஷார்ட் என்ற டாக்டர் பெயரை அதற்கு வைத்தார். அதற்குச் சாப்பாடு மண்புழு.

எதுவானாலும் முழுசாகத்தான் விழுங்கும். மிருகக்காட்சி சாலைகளில் எலியை முழுசாகப் போடுவது இதனால்தான். எலும்பில் சுண்ணாம்புச் சத்து, ஈரலில் வைட்டமின், எல்லாம் அந்த ஒரே எலிக்குள் இருக்கிறது. எலும்புகூட வயிற்று அமிலத்தில் கரைந்து போகும். முடியும் நகமும்தான் கரையாமல் வெளியே வரும். வெறும் கறித் துண்டாகப் போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு நொறுங்கும்.

அளவுக்கும் கணக்கு உண்டு. பாம்பின் உடம்பில் மிகப் பருத்த இடம் எவ்வளவோ, ஏறக்குறைய அந்தப் பருமன் உள்ள இரை போதும். குட்டிக்கு வாரம் ஒரு தடவை. வளர்ந்ததற்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒன்று. பெரிய மலைப்பாம்பு ஒரு தடவை வயிறார விழுங்கினால் மாதக் கணக்கில் தாக்குப் பிடிக்கும். எலியை உயிரோடு உள்ளே விடுவதும் ஆபத்து. பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும்!

வெயில்தான் அடுப்பு

முக்கியமான சங்கதி இனிமேல்தான். நமக்கு உடம்புக்குள்ளேயே சூடு இருக்கிறது. பாம்புக்கு அது கிடையாது. வெளியே வெயில் காய்ந்தால்தான் உள்ளே சாப்பாடு செரிக்கும். சுமார் 30 டிகிரி சூடு இருந்தால் பல இனங்களுக்கு வசதி.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழி, தை ராத்திரியில் வெப்பம் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும். அந்தக் குளிரில், வெளிநாட்டிலிருந்து வந்த பாம்புக்கு எலியைப் போட்டு பெட்டியை மூலையில் வைத்தால் என்ன ஆகும்? இரை வயிற்றிலேயே அழுகும். பாம்பு அதைக் கக்கும். கக்குவது தொடர்ந்தால் ஆளைக் காலி பண்ணிவிடும். சாப்பிட்ட பாம்பை இரண்டு நாளாவது கையில் எடுக்கக் கூடாது என்பதும் இதற்காகத்தான். தூக்கி ஆட்டினால் கக்கிவிடும்.

ஒரு வேளைச் சாப்பாட்டைச் செரிக்க அந்த உடம்பு படும் பாடு சாதாரணமல்ல. மலைப்பாம்பு இரை விழுங்கிய இரண்டே நாளில் அதன் இதயம் 40 சதவீதம் வரை பருக்கிறது என்று 2005-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். செரித்து முடிந்ததும் பழையபடி சுருங்கிவிடும்!

ஜெயில் கதவு திறந்திருக்கு!

"சரி, சாப்பாடு விவரம் தெரிஞ்சாச்சு. ஒண்ணு வளர்க்கலாமா?" என்று கேட்கிறீர்களா? கூடாது! நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு எல்லாம் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. மலைப்பாம்பை வீட்டில் வைத்திருந்து பிடிபட்டால் 3 வருஷம் முதல் 7 வருஷம் வரை ஜெயில், குறைந்தது 25 ஆயிரம் ரூபாய் அபராதம். சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பாம்புகளையும் அரசிடம் பதிவு செய்யாமல் வைத்திருக்க முடியாது.

பாம்பையே தொழிலாகக் கொண்ட இருளர்களைப் பாருங்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய கூட்டுறவு சங்கத்தில், லைசென்ஸோடு பாம்பு பிடித்து விஷம் எடுக்கிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் மூலம். சில வாரத்தில் பாம்பைத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவ்வளவு தெரிந்தவர்களே பாம்பை நெடுநாள் வைத்துக் கொள்வதில்லை. நமக்கு எதற்கு?

தோட்டத்தில் சாரை ஓடினால் ஓடட்டும். எலி குறையும். வீட்டுக்குள் வந்துவிட்டால் கம்பும் வேண்டாம், கிண்ணமும் வேண்டாம். தள்ளி நின்று கொண்டு வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.

பால் மிச்சமிருந்தால் வீட்டுக் குழந்தைக்குக் கொடுங்கள். பாம்புக்கு வழியை விடுங்கள், அது போதும்!