பரங்கிக்காய்ச் சாக்லேட்டு உருண்டை

நம் நாட்டில் ஐப்பசி அடைமழை பெய்யும் நாட்களில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபாகத்தில் மரங்கள் இலையுதிர்க்கின்றன. மேப்பிள் மரங்கள் செந்நிறமும் பொன்னிறமும் எய்தி நிற்கும் அக்காலத்தில், வீட்டு வாயில்தோறும் பெரும் பரங்கிக்காய்கள் வைக்கப்பட்டிருத்தலையும், கடைதோறும் பரங்கிக்காயின் பெயரால் பலவகைத் தின்பண்டங்கள் விற்கப்படுதலையும் காணலாம். அவற்றுள் ஒன்று, சூட்டடுப்பில் வையாமலே இல்லத்திற் செய்துகொள்ளத்தக்க ஒருவகைச் சாக்லேட்டு உருண்டை. 'பம்ப்கின் ஸ்பைஸ் டிரஃபிள்' என்பது அதற்கு அந்நாட்டார் இட்ட பெயர். அதனைச் செய்யும் முறையையும், அம்முறை அவ்வாறு அமைந்ததன் காரணத்தையும் ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

இலக்கணமும் இலக்கியமும் பயிலும் ஒருவனுக்குப் பலகாரத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைப்பர். சென்ற ஆண்டு அக்டோபர்த் திங்களில், ஒகையோ மாகாணத்தில் வாழும் என் தமக்கையாரின் மகப்பேற்றுக்கு உதவியாக அன்னையார் சென்றபோது, யானும் உடன் சென்று மூன்று வாரம் தங்கினேன். குழந்தை பிறந்த சில நாட்களில், அடுத்த வீட்டு அம்மையார் ஒருவர் தகரப் பெட்டி ஒன்று நிறைய இவ்வுருண்டைகளைக் கொணர்ந்து தந்தார். அன்னையார் ஒன்றை வாயிலிட்டுச் சற்று நேரம் ஆராய்ந்து, "சுக்கு இருக்கிறது, பட்டை இருக்கிறது, கிராம்பும் இருக்கிறது, பரங்கிக்காய் எங்கேயடா?" என்று என்னை வினவினார். அன்றியும், பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பித் தரலாகாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பச்சைக் குழந்தையுள்ள வீட்டில் பிறருக்குக் கை ஒழியாமையால், அப்பெட்டியை நிரப்பும் கடமை என் தலைமேல் விழுந்தது. அவர் தந்த பண்டத்தையே அவருக்குச் செய்து கொடுத்தல் அறிவுடைமையா என்று தமக்கையார் கேட்டார். எனக்கோ அன்னையாரின் வினாவுக்கு விடை காணும் ஆவல்.

முதலில் பெயரைக் காண்போம். டிரஃபிள் என்பது நிலத்தினடியில் விளையும் ஒருவகைக் காளானின் பெயர். பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளில் ஓக்கு மரங்களின் வேரையடுத்து மண்ணுள் மறைந்திருக்கும் அதனைப் பன்றியையும் நாயையும் கொண்டு மோப்பம் பிடித்து அகழ்ந்தெடுப்பர். கோக்கோப் பொடியிற் புரட்டிய சாக்லேட்டு உருண்டை, மண் படிந்த அக்காளானைப் போலத் தோன்றுதலின் அப்பெயர் பெற்றது. நம் இலக்கண ஆசிரியர்கள் உவமையாகுபெயருக்கு இதனையும் ஓர் உதாரணமாகக் கொள்ளலாம்.

இனி, பரங்கிக்காய். மஞ்சட் பூசணி என்றும், கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்றும் நாம் வழங்குவது இதுவே. கலியாணப் பூசணி எனப்படும் சாம்பற் பூசணி ஆசியாவுக்கு உரிய வேறோர் இனமாதலின் இப்பண்டத்துக்கு உதவாது. பரங்கியோ அமெரிக்கக் கண்டத்தின் குடி. மெக்சிக்கோ நாட்டில் ஒவாகாக்கா என்னும் பகுதியிலுள்ள ஒரு குகையில் கண்டெடுக்கப்பட்ட பரங்கியின விதைகள் ஏறக்குறைய 10,000 ஆண்டுப் பழமையுடையன என்று கணித்துள்ளனர். ஐரோப்பியர் கடல்வழி கண்ட பின்னரே அக்காய் நம் தோட்டங்களுக்கு வந்தது. பரங்கியர் கொணர்ந்தமையால் பரங்கிக்காய் ஆயிற்று என்பாரும் உளர். அமெரிக்காவில் அக்டோபர் 31-ஆம் நாள் கண்ணும் வாயும் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி வைக்கும் பெருங்காய் நாரும் நீரும் மிக்கது; உண்பதற்குச் சுவைப்படாது. தகரக் குவளைகளில் அடைத்து விற்கப்படும் விழுதின் பெரும்பகுதி, இல்லினாய் மாகாணத்தில் விளையும் டிக்கின்சன் என்னும் வகையினின்று வருவது. நம் சந்தைகளில் கீற்றாக அறுத்து விற்கும் பரங்கி பெரும்பாலும் எவ்வினத்தைச் சார்ந்ததோ அவ்வினத்தைச் சார்ந்ததே அதுவும். ஆகவே, அங்குள்ள குவளையும் இங்குள்ள கீற்றும் நெருங்கிய உறவு.

அன்னையாரின் வினாவுக்கு விடை இங்கேதான் தொடங்குகின்றது. பரங்கிக்காய்க்கு இனிமையும் நிறமும் உண்டு. மணம் மிகக் குறைவு. நாம் அதனைக் கூட்டு வைக்குங்கால் தாளிப்பும் தேங்காயும் இட்டே சுவை ஏற்றுகிறோம் அல்லவா? அமெரிக்கர் அவ்வேலைக்குக் கொண்டவை ஐந்து சரக்குகள்: பட்டை, சுக்கு, சாதிக்காய், கிராம்பு, ஆல்ஸ்பைஸ். 1796-ஆம் ஆண்டில் வெளிவந்த அமீலியா சிம்மன்ஸ் என்னும் மாதின் சமையல் நூலிலேயே, பரங்கிக்காயைச் சாதிக்காய், சாதிபத்திரி, இஞ்சி, ஆல்ஸ்பைஸ் ஆகியவற்றோடு கூட்டி மாவுக்கூட்டில் வைத்துச் சுடும் முறைகள் உள்ளன. 1934-ஆம் ஆண்டில் மக்கார்மிக் நிறுவனம் அச்சரக்குகளைக் கலந்து ஒரே பொடியாக விற்கத் தொடங்கியது. பரங்கிப் பணியாரத்துக்குரிய பொடி என்பதே அதன் பெயர். பொடியிற் பரங்கி இல்லை. நம் ஊரில் மீன் குழம்புப் பொடியில் மீன் இல்லாதவாறு போல என்று கொள்க. 2003-ஆம் ஆண்டில் ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடையினர் அம்மணம் ஏற்றிய காப்பியை விற்கத் தொடங்கியபோதும் அதிற் பரங்கி இல்லை. 2015-ஆம் ஆண்டில்தான் சிறிது விழுது சேர்த்தனர். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பழகிய அந்நாட்டார் நாவுக்குப் பட்டையும் சுக்கும் கூடிய மணமே பரங்கியின் மணமாகிவிட்டது. எம் நாவுக்கோ அது சுக்குக் காப்பியையே நினைவூட்டிற்று.

அவ்வைந்து சரக்குகளுள் ஆல்ஸ்பைஸ் ஒன்றே மேற்கிந்தியத் தீவுகளையும் அவற்றை அடுத்த நாடுகளையும் தாயகமாக உடையது. ஏனைய நான்கும் நம் கீழ்த்திசையின. இஞ்சியின் ஆங்கிலப் பெயரே கிரேக்கம், இலத்தீன் வழியாகச் சென்ற திராவிடச் சொல்லின் வேற்றுருவம் என்பது சொல்லாராய்ச்சியாளர் கருத்து. சாதிக்காயின் வரலாறோ வியப்புக்குரியது. அது விளைந்த பாண்டாத் தீவுகளுள் ஒன்றான ரன் என்னும் சிறு தீவைப் பற்றி ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் நெடுங்காலம் பிணங்கினர். 1667-ஆம் ஆண்டு பிரேடா உடன்படிக்கையின்படி ரன் தீவு ஒல்லாந்தருக்கும், அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த நியூயார்க்கு ஆங்கிலேயருக்கும் நிலைத்தன. ஒரு சாதிக்காய்த் தீவும் இன்றைய நியூயார்க்கும் ஒரே தராசில் நின்ற காலம் அது!

நிற்க. செய்முறைக்கு வருவோம். இதில் உள்ள இடர்ப்பாடு ஒன்றே, அது நீர். பரங்கி விழுதில் நூற்றுக்கு 90 பங்கு அளவில் நீர் உளது. சாக்லேட்டு என்பதோ கோக்கோவின் கொழுப்பில் சர்க்கரைத் துகளும் பிறவும் மிதக்கும் பொருள். அதில் நீர் இல்லை என்றே சொல்லலாம். உருகிய சாக்லேட்டில் சில துளி நீர் விழுந்தால், சர்க்கரைத் துகள்கள் அந்நீரில் நனைந்து பாகாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குழம்பாய் இருந்தது ஒரு நொடியில் கட்டியாய் இறுகும். யான் முதல் நாள் செய்தது இதுவே. விழுதை ஒவ்வொரு கரண்டியாக உருகிய சாக்லேட்டில் இட்டுக் கிளறினேன். கேழ்வரகுக் களி போல் கட்டி கட்டியாய்த் திரண்டது. மேலும் மேலும் விழுதை விடவே, களி நெகிழ்ந்து கூழாயிற்று. இரவு முழுதும் குளிர்ப்பெட்டியில் வைத்தும் உருட்டுவதற்கு இறுகவில்லை. தமக்கையார் அதனை ரொட்டியில் தடவி இரண்டு நாள் உண்டார். பெட்டி காலியாகவே இருந்தது.

மறுமுறை, நீரை முதலில் ஓட்டி, எஞ்சிய நீரைச் சாக்லேட்டு காணுமுன் வேறொன்றுக்கு உண்ணக் கொடுக்க வேண்டும் எனக் கண்டேன். 120 கிராம் விழுதை அகன்ற வாணலியில் இட்டு, இளந்தீயில் அடிபிடியாமல் கிளறி, 80 கிராம் ஆகுமளவும் வற்றவிடுக. நிறம் சற்று ஆழ்ந்து, துடுப்பால் இழுத்த தடம் மூடாமல் நிற்பதே பதம். கடையில் வாங்குவோர் குவளையின்மேல் எழுதியிருப்பதைக் கூர்ந்து நோக்குதல் நலம். சர்க்கரையும் சரக்கும் முன்னரே கூட்டிய வேறொரு குவளையும் அதே அலமாரியில் அதே உருவில் இருக்கும். விழுது நன்கு ஆறியபின், இஞ்சி பிஸ்கோத்துப் பொடி 150 கிராமும், கிரீம் சீஸ் என்னும் மெல்லிய பாலாடைக்கட்டி 60 கிராமும், ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பிசைந்து கால் மணி நேரம் வைத்திடுக. மொறுமொறுப்பான பிஸ்கோத்து, நீரை உறிஞ்சி வீங்கும். சூட்டடுப்பு வேண்டாத பண்டம் என்று இதனைச் சொன்னேனாயினும், பிஸ்கோத்து முன்னரே சூட்டடுப்பில் வெந்தது. நம் வேலையை எவரோ ஒரு ரொட்டிக்காரர் செய்து தந்திருக்கிறார். அதற்குப் பதிலாகப் பச்சை மாவை இடுதல் தகாது. வேகாத மாவு நோய் விளைவிக்கக்கூடும்.

சரக்குப் பொடியை மாவிற் கலவாது, உருகிய வெள்ளைச் சாக்லேட்டிற் கலத்தல் வேண்டும். பட்டை, கிராம்பு முதலியவற்றின் மணப்பொருள்கள் நீரினும் கொழுப்பில் எளிதிற் கரைவன. நாம் எண்ணெயில் தாளிப்பதும் இதுபற்றியே. பட்டை 6 பங்கு, சுக்கு 2 பங்கு, சாதிக்காய் 1 பங்கு, கிராம்பும் ஆல்ஸ்பைஸும் அரை அரைப் பங்கு என்பது யான் கொண்ட அளவு. அப்பொடியில் ஒன்றரைத் தேக்கரண்டி போதும். இஞ்சி ஈரமுடையதாகலின் சுக்கே ஏற்றது. காரமும் சுக்குக்கே மிகுதி. வெள்ளைச் சாக்லேட்டு 100 கிராமைச் சிறு துண்டுகளாக்கி, வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்த கிண்ணத்தில், நீராவித் துளி உள்ளே விழாதவாறு உருக்கி, பொடியைக் கலந்து, பிசைந்த மாவில் ஒருங்கே ஊற்றிக் கிளறுக. இப்போது அது களியாவதில்லை. பின் இரண்டு மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தால் கோக்கோக் கொழுப்பு உறைந்து, மாவு இறுகும். தீ செய்யும் வேலையை இங்கே குளிர் செய்கின்றது.

15 கிராம் அளவாக உருட்டினால் 26 உருண்டைகள் ஆகும். கோக்கோக் கொழுப்பு உருகும் நிலை ஏறக்குறைய 34 பாகை. நம் உடலின் வெப்பம் 37. ஆகலின் நெடுநேரம் கையில் வைத்து அழகுபார்த்தால் உருண்டை உருகிக் கையில் ஒட்டும். கையைத் தண்ணீரில் நனைத்து, ஈரமறத் துடைத்து, விரைந்து உருட்டுக.

வெளிப்பூச்சுக்குக் கருஞ்சாக்லேட்டு 200 கிராம் வேண்டும். இதில் பொறுமை தேவை. கோக்கோக் கொழுப்பு ஆறுவகைப் படிகமாய் உறையவல்லது. அவற்றுள் ஒன்றே பளபளப்பும், கடிக்குங்கால் 'டக்'கென்னும் ஒலியும் தருவது. வெறுமனே உருக்கி ஆறவிட்டாற் பிற வகைகள் தோன்றி, மேலே சாம்பல் படிந்தாற்போல் வெளிறும். அதனைத் தவிர்க்க, முக்காற் பங்கை 45 பாகை வரை உருக்கி இறக்கி, உருகாத காற்பங்குத் துண்டுகளை அதில் இட்டு, 32 பாகை ஆகும்வரை கிளறுவர். உருகாத துண்டிலுள்ள நற்படிகங்கள், மோர் உறையூற்றியது போல, எஞ்சியவற்றையும் தம் வகையாக்கும். உருண்டைகளை முள்கரண்டியில் ஏந்தித் தோய்த்தெடுத்து, எண்ணெய்த் தாளின்மேல் வைத்திட வேண்டும். யான் உறைகுளிரிலிருந்து எடுத்த உடனே தோய்த்தமையால், உள்ளீடு சூடேறி விரிந்தபோது பூச்சு வெடித்துப் பதினோரு உருண்டைகள் பிளந்தன. வெளியே பத்து நிமிடம் வைத்திருந்து தோய்த்தவை வெடிக்கவில்லை. பிளந்தவற்றை மீண்டும் ஒருமுறை தோய்த்தேன், சற்றே பருத்துவிட்டன.

ஓர் இரவு வைத்து உண்டால் மணம் நன்கு பரவும். பாலும் நீரும் கலந்த பண்டமாகலின், கடைச் சாக்லேட்டைப் போல வெளியே வைத்தல் கூடாது. குளிர்ப்பெட்டியில் வைத்து ஐந்து நாளைக்குள் முடித்துவிட வேண்டும்.

பெட்டியில் இருபது அடங்கின. ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு அதனை அடுத்த வீட்டில் கொடுத்தேன். அம்மையார் ஒன்றைத் தின்று, நன்றாயிருக்கிறது என்று சொல்லி, "கிராம்பு இட்டாயோ?" என்று கேட்டார். அவர் தம்முடையதிற் கிராம்பே இடுவதில்லையாம். ஆல்ஸ்பைஸ் மட்டும் இடுவாராம். அன்னையாரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. தாம் உண்டது கிராம்பே என்று இன்றளவும் சாதிக்கின்றார். இருவர் கூற்றுக்கும் இடம் உண்டு. கிராம்புக்கு மணமூட்டும் யூஜினால் என்னும் பொருளே ஆல்ஸ்பைஸிலும் மிகுந்துள்ளது. இவ்வூரில் ஆல்ஸ்பைஸ் எளிதிற் கிட்டாதாதலின், இங்குச் செய்வோர் கிராம்பை மட்டுமே முக்காற் பங்கு இட்டுக்கொள்ளலாம்.