இரும்பும் எண்ணெயும் – 17: தண்ணீரில் இறக்கம் கிடையாது

சென்ற வாரம் சிலிண்டரை போர் அடித்து ஹோன் பண்ணுவது வரை பார்த்தோம். இந்த வாரம் இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டும்: உள்ளே போகும் பிஸ்டனுக்கு எவ்வளவு இடைவெளி விடுவது, எந்த கேம் ஷாஃப்டைப் போடுவது. அதுவும் காருக்கு அல்ல, வேகப் படகுக்கு.

வேகம் என்றதும் மலையகத்துப் பையன்களின் நினைவு மஹகஸ்தொட்டைக்குத்தான் போகும். நுவரெலியாவில் 1930களிலிருந்து நடக்கும் மலையேற்றக் கார்ப் போட்டி அது. அங்கே ஓடும் கார் ஓரிரு நிமிடங்களில் உச்சிக்குப் போய்விடும். பிறகு நின்று ஆறும். படகு என்ஜினுக்கு அந்த வசதி இல்லை. அதன் உழைப்பு, மின்சாரம் வருவதற்கு முன் நம் தேயிலை ஸ்டோர்களில் ரோலர்களை ஓட்டிய எண்ணெய் என்ஜினின் உழைப்பு. கொழுந்து வந்துவிட்டால் இராத்திரி முழுக்க ஒரே வேகம், ஒரே பாரம். அந்தக் காலத்து இயந்திரங்களை, கண்டி ஹந்தானையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் இன்றும் பார்க்கலாம். படகு என்ஜின் கட்ட ஆசைப்படுகிறவர்கள் பந்தயக் காருக்கு முன் அவற்றைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நோர்வூட் பாதையில் கொழுந்து லொறி ஏற்றத்தில் எவ்வளவு திணறினாலும் இறக்கத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளும். தண்ணீரில் இறக்கம் கிடையாது. த்ரொட்டிலைக் குறைத்த மறுகணமே படகு தளர்கிறது. மாற்றுவதற்கு கியரும் இல்லை. புரொப்பெல்லர் கேட்கும் சக்தி ஏறத்தாழச் சுழற்சி வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது: 5,000 சுற்றில் முழுச் சக்தி தேவையென்றால் 4,000 சுற்றில் அதில் பாதி போதும். மேலே உள்ள அந்த ஆயிரம் சுற்றுக்குத்தான் மீதிப் பாதியும் செலவாகிறது. அந்தச் சக்தியை உண்டாக்கும் வெப்பத்தில் ஒரு பங்கு பிஸ்டனின் தலையில் இறங்குகிறது.

இனி இடைவெளி. அலுமினிய பிஸ்டன், வார்ப்பிரும்பு சிலிண்டரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிகிறது. காரில் குளிர்ப்பு நீர் 90 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதால் சிலிண்டரும் ஓரளவு விரிந்து இடம் கொடுக்கும். கடல் நீரை நேரே உள்ளே விட்டுக் குளிர்விக்கும் படகு என்ஜினிலோ, உப்புப் படியாமல் இருக்க 60 பாகை அளவிலேயே தேர்மோஸ்டட் திறந்துவிடும். நான்கு அங்குல போர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 30 பாகைக் குறைவால் மட்டும் சிலிண்டர் 0.03 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாகச் சுருங்கியே நிற்கும். பட்டறைக் கணக்கில் ஒரு தவுக்கு, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, மேல். பிஸ்டன் கொதிக்கிறது, சுவர் குளிர்ந்திருக்கிறது. இடைவெளி போதாவிட்டால் பிஸ்டன் சுவரைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே பிஸ்டன் எந்த உலோகம் என்று முதலில் கேளுங்கள். 12 வீதம் அளவில் சிலிக்கன் கலந்த 4032 கலவை குறைவாக விரியும். இரண்டரை, மூன்று தவு விட்டால் காருக்குச் சரி. சிலிக்கன் மிகக் குறைந்த 2618 கலவையில் அடித்தெடுத்த பிஸ்டன் அடி தாங்கும், ஆனால் அதிகம் விரியும். அதற்குக் காரிலேயே நான்கைந்து தவு வேண்டும். கடும் பாரத்தில் ஓடும் படகில் ஆறு, சிலவேளை எட்டு வரை போகும். இறுதித் தீர்ப்பு பிஸ்டனோடு வரும் தயாரிப்பாளரின் அட்டைதான். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது பிஸ்டன் கொஞ்சம் தட்டும். சூடேறியதும் அடங்கிவிடும் அந்தச் சத்தத்துக்காக இடைவெளியைக் குறைக்கப் போகாதீர்கள்.

அளப்பதிலும் நம் ஊர்க் குளிர் விளையாடும். வெளியே பனியில் கிடந்த பெட்டியிலிருந்து பிஸ்டனை எடுத்து உடனே மைக்ரோமீட்டரில் வைத்தால், பத்துப் பாகை வித்தியாசத்துக்கே நான்கு அங்குல பிஸ்டன் முக்கால் தவுக்கு மேல் சிறிதாகக் காட்டும். பிளாக், பிஸ்டன், கருவி மூன்றையும் முந்தின இரவே ஒரே அறையில் வைத்துவிடுங்கள். பின் துளைக்குக் குறுக்காக, அட்டையில் சொன்ன உயரத்தில் பாவாடைப் பகுதியை அளந்து, அதே அளவில் போர் கேஜைப் பூச்சியமாக்கி சிலிண்டருக்குள் விட வேண்டும். பீலர் கேஜைச் செருகிப் பார்ப்பது இந்த வேலைக்குப் போதாது.

கேம் விடயத்தில் தண்ணீர் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. பெரும்பாலான படகுகளில் எக்ஸோஸ்ட் குழாயைக் குளிர்விக்க அதற்குள்ளேயே நீரை விடுகிறார்கள். பந்தயக் கார் கேமில் இன்லெட், எக்ஸோஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் நீளம். குறைந்த சுற்றில் அந்த நேரத்தில் எக்ஸோஸ்ட் வாயு பின்னோக்கி இழுபடும். கூடவே ஈரமும் சிலிண்டருக்குள் வரும். வால்வு துருப்பிடிக்கும். நீர் அதிகமாகத் தேங்கினால் கனெக்டிங் ராடே வளையும். அதனால்தான் படகு கேமில் இரு லோப்களின் மையங்களுக்கு இடையே 112 முதல் 114 பாகை வரை அகலம் விடுகிறார்கள். குழாயில் நீரே விடாத போட்டிப் படகுகள் மட்டும் இந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே. அகலமான கேமால் இன்னொரு நன்மை, இழுவை ஓரிடத்தில் குவியாமல் பரந்த சுற்றெல்லையில் கிடைப்பது. மூக்கைத் தூக்கி நீரின் மேல் ஏறும் அந்தச் சில நொடிகளில் படகுக்குத் தேவை அதுதான்.

மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பைபர் படகுகளில் பூட்டும் டூ ஸ்ட்ரோக் வெளியிணைப்பு இயந்திரத்தில் கேமே கிடையாது. இடைவெளி பற்றிச் சொன்னது மட்டும் அதற்கும் பொருந்தும்.

கேம் மாற்றினால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையேயுள்ள தூரத்தையும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் விளையாடும் களியை பிஸ்டன் தலையில் அப்பி, ஹெட்டைப் பூட்டி, கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, கழற்றிக் களியை வெட்டி அளந்தால் தெரிந்துவிடும். இன்லெட் பக்கம் 2 மில்லிமீற்றர், எக்ஸோஸ்ட் பக்கம் 2.5 என்பது வழக்கமான கீழெல்லை. படகில் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அலை மேல் துள்ளி புரொப்பெல்லர் நீரை விட்டு வெளியே வந்தால் சுற்று ஒரே பாய்ச்சலில் ஏறும். ஸ்பிரிங் தோற்று வால்வு மிதக்கும்; இடைவெளி போதாவிட்டால் பிஸ்டனில் மோதும்.

நம் ஊர் நீருக்கு ஒரு விசேஷம் உண்டு. பொகவந்தலாவையிலிருந்து இறங்கும் கெசல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 1965இல் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு நீர் கொடுப்பது அதுதான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிடப் பத்து வீதம் குறைவு. டேர்போ இல்லாத என்ஜினின் சக்தியும் அதே அளவில் குறையும். நீர்கொழும்பில் 5,000 சுற்றை எட்டிய படகு இங்கே எட்டாது. உடனே பெரிய கேம் தேடுகிறார்கள். அது இருக்கிற கொஞ்ச நடு இழுவையையும் பறித்துவிடும். பிச் ஒரு அங்குலம் குறைந்த புரொப்பெல்லரைப் போட்டால் பொதுவாக 150 முதல் 200 சுற்று வரை கூடும். முழுத் த்ரொட்டிலில் தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் முள் நிற்கும் வரை பிச் அளவை மட்டும் மாற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் கேமில் கை வைக்கவே தேவையில்லை.