வானத்தில் வால்... வாசலில் பைனாகுலர்!

'வால் நட்சத்திரம் தெரிஞ்சா ராஜாவுக்கு ஆகாது' என்பார்கள் நம் பாட்டிகள். ராஜாக்கள் காலம் மலையேறிவிட்டது. இனி கவலைப்பட வேண்டியவர்கள் எம்.எல்.ஏ.க்கள்தான்! நமக்கென்ன? மொட்டை மாடிக்குப் போய், பைனாகுலரைக் கண்ணில் வைத்து, ஜாலியாக ரசிக்க வேண்டியதுதான்.

அதிலும் நீங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர் என்றால் கொடுத்து வைத்தவர். கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலை மேலே ஏறினால், டவுன் வெளிச்சம் கீழேயே தங்கிவிடும். அமாவாசை ராத்திரியில் வெள்ளிமலைப் பக்கம் தலையைத் தூக்கிப் பாருங்கள். 'அடேயப்பா, இவ்வளவு நட்சத்திரமா!' என்று வாய் தானாகப் பிளக்கும்.

கபிலர் பயப்படவில்லை!

வால் நட்சத்திரத்துக்கும் இந்த மாவட்டத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. திருக்கோவிலூரில் தென்பெண்ணையாற்றுக்குள் நிற்கிறதே கபிலர் குன்று, அந்தக் கபிலர் பெயரில் உள்ள புறநானூற்றின் 117-வது பாட்டில் 'தூமம்' வருகிறது. தூமம் என்றால் புகை. புகைபோல் வானத்தில் தோன்றும் தூமகேதுதான் அது என்கிறார்கள் உரைகாரர்கள். கெட்ட சகுனங்களை வரிசையாக அடுக்கிவிட்டு, 'எது வந்தாலும் பாரியின் நாட்டில் விளைச்சல் குறையாது' என்று போகிறது பாட்டு. ராஜா ஒழுங்காக இருந்தால் தூமகேது என்ன செய்யும்? நியாயம்தானே!

சரி, அது என்னதான்?

முதல் சங்கதி, வால் நட்சத்திரம் நட்சத்திரமே இல்லை. பனியும் தூசியும் கலந்து உறைந்த உருண்டை. அழுக்குப் பிடித்த ஐஸ் கட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1986-ல் ஹாலி வந்தபோது 'ஜியோட்டோ' விண்கலம் கிட்டே போய்ப் படமெடுத்தது. அதன் உடம்பு சுமார் 15 கிலோமீட்டர் நீளம்தான். கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகிற தூரம்!

சூரியனை நெருங்கும்போது சூடேறி, ஐஸ் ஆவியாகி, கூடவே தூசியும் கிளம்புகிறது. அது தலையைச் சுற்றி ஒரு புகை மண்டலம் போடும். சூரிய ஒளியும் சூரியக் காற்றும் அதைத் தள்ளத் தள்ள, லட்சக்கணக்கான கிலோமீட்டருக்கு வால் முளைக்கிறது. வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் நீளும். அதனால் விடைபெற்றுத் திரும்பும்போது வால் முன்னே போகும், தலை பின்னே போகும். மந்திரி காருக்கு முன்னால் ஓடுகிற பைலட் ஜீப் மாதிரி!

ஒரு ராத்திரி கிடைக்கவில்லை!

1872 நவம்பர் 27. ஐரோப்பாவில் நட்சத்திர மழை கொட்டியது. 'பியலா' என்ற வால் நட்சத்திரத்தின் மிச்சம் மீதிதான் இது என்று ஜெர்மனியில் கிளிங்கர்ஃபியூஸ் என்ற விஞ்ஞானிக்குப் பொறி தட்டியது. அப்படியென்றால் பியலா பூமியை உரசிவிட்டுத் தென் வானத்துப் பக்கமாகப் போயிருக்க வேண்டும். அங்கே யார் பார்ப்பது? தந்தி பறந்தது, நம்ம மெட்ராசுக்கு!

நுங்கம்பாக்கம் வானியல் ஆராய்ச்சிக் கூடத்தில் அப்போது இருந்தவர் நார்மன் போக்சன். மனிதர் விடியற்காலையில் டெலஸ்கோப்பைத் திருப்பினால்... மழை! மறுநாளும் அதே கதை. டிசம்பர் மாத மெட்ராஸைப் பற்றித்தான் நமக்குத் தெரியுமே. மூன்றாவது விடியலில் மேகம் கொஞ்சம் விலகியது. அந்த இடுக்கில் தெரிந்தது ஒரு வால் நட்சத்திரம்! அடுத்த விடியலிலும் பிடித்தார், சின்ன வாலோடு. அத்தோடு மேகம் மூடிவிட்டது.

சோகம் என்னவென்றால், பாதையைக் கணக்குப் போடக் குறைந்தது மூன்று நாள் பதிவு வேண்டும். போக்சன் கையில் இருந்ததோ இரண்டு. அவர் பார்த்தது பியலா இல்லை என்று பிற்பாடு சொல்லிவிட்டார்கள். பின்னே எது? இன்றுவரை விடை கிடையாது. ஒரே ஒரு மேகமில்லாத ராத்திரி கிடைத்திருந்தால்!

பக்கத்து மலைக்காரர்

கல்வராயனுக்கு வடக்கே தென்பெண்ணையைத் தாண்டினால் ஜவ்வாது மலை. அங்கே காவலூரில் 2.34 மீட்டர் டெலஸ்கோப் இருக்கிறது. 1986 முதல் அதற்கு வைணு பாப்புவின் பெயர். பாப்பு 1949-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, போட்டோ தகட்டில் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். பாப்பு - போக் - நியூகர்க் என்று மூன்று பேர் பெயரும் அதற்கு உண்டு. இருட்டான வானம், வட வானம் தென் வானம் இரண்டும் தெரிகிற இடம் என்று தேடி, அவர் தேர்ந்தெடுத்த மலைதான் காவலூர். அந்த இரண்டும் கல்வராயனுக்கும் பொருந்துமே!

'அவங்க சயின்டிஸ்ட் சார், நம்மால முடியுமா?' என்கிறீர்களா? ஜப்பானில் இகேயா என்ற இளைஞர் பியானோ ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டே தானே டெலஸ்கோப் செய்து, 1963-ல் முதல் வால் நட்சத்திரத்தைப் பிடித்தார். 1996-ல் ஹியாகுடாகே கண்டுபிடித்தது பெரிய பைனாகுலரில். 1995-ல் ஹேல்-பாப் புகழ் தாமஸ் பாப்பிடம் சொந்த டெலஸ்கோப்பே கிடையாது. நண்பருடையதில் எட்டிப் பார்த்தார். அடித்தது யோகம்!

எப்படிப் பார்ப்பது?

* 10×50 பைனாகுலர் போதும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர் என்று அர்த்தம். டெலஸ்கோப் இருந்தால் குறைந்த உருப்பெருக்கத்தில் ஆரம்பியுங்கள்.

* கை நடுங்கினால் எல்லாமே ஆடும். ஈஸி சேரில் சாய்ந்து, முழங்கையைக் கைப்பிடியில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

* இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரமாவது ஆகும். நடுவில் செல்போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து! டார்ச் முகத்தில் சிவப்புக் காகிதம் கட்டுங்கள். பூச்சி பொட்டு இருக்கும், டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள்.

* பஞ்சுப் பிசிறு போல மங்கலாக ஒன்று தெரிந்தால், நேரே முறைக்காமல் கொஞ்சம் ஓரமாகப் பாருங்கள். பளிச்சிடும்.

* பஞ்செல்லாம் வால் நட்சத்திரம் ஆகாது. நெபுலாவாகவும் இருக்கலாம். இப்படி ஏமாந்து ஏமாந்தே பிரான்சில் மெஸ்ஸியே என்பவர் ஒரு பட்டியலே போட்டார்! சுற்றியுள்ள நட்சத்திரங்களோடு பேப்பரில் குறித்து வையுங்கள். மறுநாள் அது இடம் மாறியிருந்தால் ஆள் அவரேதான்.

* மாலையில் மேற்கே வருகிறவரை மலையடிவார ஊர்களில் மலை மறைக்கும். திறந்த வெளிக்கு வந்துவிடுங்கள். விடியலில் கிழக்கே வருகிறவருக்கு மலையின் கிழக்கு விளிம்புதான் பால்கனி.

* சூரியன் முழுசாக மறையும் முன் பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. கண் போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகை மழை மாதம். போக்சனுக்கு ஆன கதிதான் நமக்கும். 2024 அக்டோபரில் ட்சுசின்ஷான்-அட்லஸ் மாலை வானத்துக்கு வந்த நேரத்தில், இங்கே வடகிழக்குப் பருவமழையும் ஆஜர்! தை முதல் பங்குனி வரை வானம் சமர்த்து.

இருட்டும் ஒரு சொத்துதான்!

மழை மேகமாவது நாலு நாளில் கலைந்துவிடும். வெளிச்ச மேகம் கலையாது. ஊருக்கு விளக்கு வேண்டும், மலை ஊருக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் விளக்கு தரையைப் பார்க்கட்டுமே? வானத்துக்கு எதற்கு வெளிச்சம்? மேலே ஒரு மூடி போட்டால் பாதையும் தெரியும், பால்வீதியும் தெரியும்.

ஹாலி மறுபடி வருவது 2061-ல். இன்று வெள்ளிமலையில் ஒன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளைக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். ஹாலி சொன்ன தேதியில் வந்துவிடும், அதில் சந்தேகமில்லை. கல்வராயன் மலையில் அப்போது இருட்டு இருக்குமா என்பதுதான் கேள்வி!