ஒரு அடி ஆழத்து ஈரம்

மேல்மண் வெளுத்துப் பொடிந்துவிட்டால் மோட்டாரைப் போட்டுவிடுவது நம் வழக்கம். வெயிலும் காற்றும் முதலில் உலர்த்துவது அந்த மேல்மண்ணைத்தான். பயிரின் வேரோ அரை அடி, ஒரு அடி ஆழத்தில் தண்ணீர் தேடுகிறது. மேலே புழுதி பறக்கும்போதும் அங்கே நாலைந்து நாளுக்கான ஈரம் இருக்கலாம். கையடக்க ஈரமானியின் உண்மையான பயன், கண்ணுக்குத் தெரியாத அந்த ஆழத்தைத் தோண்டாமலே காட்டுவதுதான். அது தரும் எண் எவ்வளவு துல்லியம் என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்வி.

தண்ணீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80. உலர்ந்த மண் துகள்களுக்கு அது 3 முதல் 5 வரை, காற்றுக்கு 1. இந்தப் பெரிய இடைவெளியால், மண்ணில் செருகிய கம்பிகளுக்கிடையே மின்சமிக்ஞை எப்படி மாறுகிறது என்று பார்த்தே ஈரத்தைக் கணித்துவிடலாம். விலை குறைந்த கருவிகள் மண்ணின் மின்தடையை அளப்பதோடு நின்றுவிடும். அவற்றை உப்பு ஏமாற்றும்: களர் நிலத்திலும், உரம் போட்ட மறுநாளும் மண் இருப்பதைவிட ஈரமாகத் தெரியும். கம்பியைச் சுற்றிக் காற்று இடைவெளி இருந்தால் இதற்கு நேர்மாறாக, உலர்ந்ததுபோல் காட்டும். கரிசலின் வெடிப்புகளில் இது அடிக்கடி நேரும்.

அப்படியானால் இதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். மண்ணை 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, முன்னும் பின்னும் எடை போடும் ஆய்வக முறைதான் நிச்சயமானது. ஆனால் முடிவு கைக்கு வருவதற்குள் பாசனம் முடிந்திருக்கும். தவிர, விவசாயிக்கு வேண்டியது தசமப் புள்ளி இல்லை. இன்று பாய்ச்சுவதா, மூன்று நாள் பொறுப்பதா என்ற முடிவு. வெறும் எண் தவறான வழியும் காட்டும்: 20 சதவீத ஈரம் மணற்பாங்கான நிலத்தில் தாராளம், களிமண்ணில் பயிர் வாடும் நிலை. களிமண் தன் ஈரத்தை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய கருவி நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு விளக்குகளால் பேசுவது இதனால்தான் புத்திசாலித்தனமாகப் படுகிறது. நீலம் என்றால் ஈரம் ஏராளம்; சிவப்பு என்றால் உடனே பாய்ச்ச வேண்டும்.

மண்ணைப் பிடித்து உருட்டிப் பார்த்தே பதம் சொல்லும் அனுபவசாலிகளுக்கு இது எதற்கு? அந்தக் கைப்பதம் உயர்ந்த அறிவுதான். ஆனால் ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு அடி குழி தோண்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. கருவியிலும் ஒரே இடத்தில் குத்திப் பார்த்து முடிவெடுப்பது வீண். வயலின் மேட்டிலும் பள்ளத்திலும், இரண்டு ஆழங்களில் பார்க்க வேண்டும்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வாய்க்காலில் முறை வரும்போதுதான் தண்ணீர். அங்கே கருவி சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். இது கிணறும் போர்வெல்லும் சொந்தமாக உள்ளவருக்கான கருவி. தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால், ஒரு தண்ணீரைத் தள்ளிப்போட்டு அவர் மிச்சம் பிடிப்பது எதை என்ற கேள்வியும் எழும். தேவைக்கு மேல் பாயும் தண்ணீர், பயிருக்குப் போட்ட தழைச்சத்தை வேருக்குக் கீழே இழுத்துப் போய்விடுகிறது. யூரியா மூட்டை இலவசமாக வருவதில்லை.