காரில் ரூம் லைட் எரியலையா, அணையலையா? பேட்டரியை மாற்றும் முன் இதைப் பாருங்கள்!

திங்கட்கிழமை காலை. ஆபீஸுக்குக் கிளம்பி சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும். செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி கடைக்காரர் வந்து பார்த்து, "பேட்டரி வீக்கா இருக்கு சார், மாத்திடலாம்" என்கிறார். பல ஆயிரம் கொடுத்து மாற்றுகிறோம். இரண்டு வாரம் கழித்து அதே திங்கட்கிழமை, அதே 'டக்'.

செகண்ட் ஹேண்டில் முதல் கார் வாங்கிய பலருக்கும் இது பழக்கமான கதை. குற்றவாளி பேட்டரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கூரையில் இருக்கும் ரூம் லைட்டோ, டிக்கிக்குள் யார் கண்ணிலும் படாமல் எரியும் குட்டி பல்போகூட இருக்கலாம்.

பத்து, பதினைந்து வயதான கார்களில் உள்விளக்கு ஏன் மக்கர் செய்கிறது? வீட்டிலேயே எதையெல்லாம் பார்க்கலாம்? எங்கே கையை எடுத்துவிட வேண்டும்?

சின்ன பல்பு அவ்வளவு கரன்ட் எடுக்குமா?

ஒரு சின்ன கணக்கு. ரூம் லைட்டில் 10 வாட் பல்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது எடுப்பது சுமார் 0.83 ஆம்பியர். வெள்ளி இரவு 9 மணிக்கு நிறுத்திய காரை திங்கள் காலை 8 மணிக்கு எடுத்தால், நடுவில் 59 மணி நேரம். பெருக்கினால் 49 ஆம்பியர் ஹவர் வருகிறது. சின்ன கார்களில் பரவலாக இருக்கும் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர் ஹவர்தான்.

5 வாட் பல்பு என்றாலும் பாதிக்கு மேல் காலி. கொஞ்சம் வயதான பேட்டரிக்கு அதுவே போதும், செல்ஃப் எடுக்காது. அதனால் எரியாத லைட்டைவிட அணையாத லைட்டுக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும்.

ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது?

வீட்டில் ஸ்விட்ச் போட்டால் பல்புக்கு கரன்ட் வரும். பழைய கார்களின் ரூம் லைட் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். பல்பின் ஒரு முனைக்கு ஃப்யூஸ் வழியாக 12 வோல்ட் எப்போதும் வந்து நிற்கும். இன்னொரு முனையை எர்த்தோடு, அதாவது காரின் இரும்பு பாடியோடு சேர்ப்பதுதான் கதவு ஓரத்தில் இருக்கும் டோர் ஸ்விட்ச்சின் வேலை.

கதவைத் திறந்தால் பட்டன் வெளியே வரும், எர்த் கிடைக்கும், லைட் எரியும். மூடினால் பட்டன் உள்ளே போகும், எர்த் அறுந்து லைட் அணையும். அவ்ளோதான். மாருதி 800 காலத்துக் கார்கள் பலவற்றில் இந்த அமைப்புதான்.

இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. ரூம் லைட் கோளாறுகளில் பெரும்பகுதி கரன்ட் வராததால் வருவதில்லை. எர்த் கிடைக்காததால், அல்லது தேவையில்லாமல் கிடைப்பதால் வருபவை.

எரியவே இல்லையா? 'ஆன்'ல வெச்சுப் பாருங்க

ரூம் லைட்டில் 'ஆன்', 'டோர்', 'ஆஃப்' என மூன்று நிலைகள் இருக்கும். முதலில் அது 'ஆஃப்'பில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், துடைக்கும்போது கைபட்டு மாறுவது சகஜம். பிறகு 'ஆன்'னில் வையுங்கள்.

*'ஆன்'னிலும் எரியவில்லை:* பல்பு அல்லது ஃப்யூஸ். கார் கடிகாரமும் ஸ்டீரியோவின் மெமரியும் சேர்ந்து போயிருந்தால் ஃப்யூஸ் மீது சந்தேகப்படலாம். நிறைய கார்களில் இவை எல்லாம் ஒரே ஃப்யூஸில் ஓடுகின்றன. எந்த ஃப்யூஸ் எதற்கு என்பது ஃப்யூஸ் பாக்ஸ் மூடியிலோ ஓனர்ஸ் மேனுவலிலோ இருக்கும்.

*'ஆன்'னில் எரிகிறது, கதவைத் திறந்தால் எரியவில்லை:* பல்பும் ஃப்யூஸும் ஓகே. எர்த் பக்கம் பாருங்கள். ஒரு கதவுக்கு மட்டும் எரியவில்லை என்றால் அந்தக் கதவின் ஸ்விட்ச். எந்தக் கதவுக்குமே எரியவில்லை என்றால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒயர் அல்லது ரூம் லைட்டின் உள்ளே இருக்கும் ஸ்விட்ச்.

*மினுமினுக்கிறது, மங்கலாக எரிகிறது:* பல்பைப் பிடித்திருக்கும் தகடுகள் தளர்ந்திருக்கலாம், அல்லது களிம்பு ஏறியிருக்கலாம். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தகட்டைக் கொஞ்சம் உள்பக்கம் வளைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. லைட் அணைந்திருந்தாலும் பல்பின் ஒரு முனையில் கரன்ட் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பும்போது அது பாடியில் பட்டால் ஃப்யூஸ் போய்விடும். அதனால் முதலில் அந்த ஃப்யூஸைக் கழற்றிவிட்டுக் கை வையுங்கள்.

டோர் ஸ்விட்ச்சை எப்படிச் சோதிப்பது?

பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்க்ரூதான். கழற்றி ஸ்விட்ச்சை வெளியே இழுங்கள். பின்னால் இருக்கும் ஒயரை உடனே ஒரு டேப் போட்டு பாடியில் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அது ஓட்டைக்குள் நழுவிப் போகும், பிறகு தேடி எடுப்பது தலைவலி.

லைட்டை 'டோர்' நிலையில் வைத்து, அந்த ஒயரின் முனையை பெயின்ட் இல்லாத இரும்பில் தொட வையுங்கள். லைட் எரிந்தால் ஒயர் நன்றாக இருக்கிறது, கோளாறு ஸ்விட்ச்சில். பல கார்களில் இந்த ஸ்விட்ச்சுக்கு எர்த் கிடைப்பதே அந்த ஸ்க்ரூ வழியாகத்தான். ஸ்க்ரூவும் அது உட்காரும் இடமும் துருப்பிடித்தால் புது ஸ்விட்ச் போட்டாலும் எரியாது. துருவைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் இந்தத் துரு சீக்கிரமே வரும்.

கவனம்: லைட் மெதுவாக மங்கி அணையும் வசதி உள்ள கார்களில் டோர் ஸ்விட்ச் ஒரு கன்ட்ரோல் யூனிட்டுக்குப் போகலாம். அவற்றில் இந்தச் சோதனையை நீங்களே செய்ய வேண்டாம்.

அணையவே மாட்டேங்குதா?

டோர் ஸ்விட்ச்சின் ரப்பர் தேய்ந்திருக்கலாம், கதவு தொங்கியிருக்கலாம். இரண்டிலும் கதவு மூடினாலும் பட்டன் முழுசாக அமுங்காது. ஒவ்வொரு பட்டனையும் விரலால் அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது லைட் அணைகிறதோ, அந்தக் கதவுதான் காரணம்.

எதை அழுத்தியும் அணையவில்லை என்றால், ஒரு ஸ்விட்ச் உள்ளுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொன்றாக ஒயரைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். அப்போதும் எரிந்தால், ஸ்விட்ச்சுக்குப் போகும் ஒயர் எங்கோ தோல் உரிந்து பாடியில் உரசுகிறது. இந்தப் பக்கத்து ஒயர் உரசினால் ஃப்யூஸ் போகாது, லைட் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் பலர் கவனிப்பதில்லை.

டிக்கி லைட் அணைகிறதா என்று எப்படித் தெரியும்? மொபைலில் வீடியோ ரெக்கார்டிங் ஆன் செய்து உள்ளே வையுங்கள். டிக்கியை மூடி, பத்து விநாடி கழித்துத் திறந்து வீடியோவைப் பாருங்கள். மூடியதும் திரை இருட்டானால் பிரச்சினை இல்லை.

எல்இடி போட்டால் தீருமா?

கரன்ட் கம்மியாக எடுக்கும், உண்மைதான். ஆனால் கோளாறைச் சரி செய்யாது. மாட்டியதும் எரியவில்லை என்றால் திருப்பி மாட்டுங்கள். சில எல்இடிகளுக்கு பிளஸ், மைனஸ் முக்கியம். கதவு மூடிய பிறகும் லேசாக மினுங்கினால், ஈரமோ களிம்போ ஏறிய ஸ்விட்ச் வழியாகக் கொஞ்சம் கரன்ட் கசியலாம். பழைய பல்பு இவ்வளவு சின்னக் கசிவுக்கு எரியாது, எல்இடி காட்டிக்கொடுத்துவிடும். கன்ட்ரோல் யூனிட் உள்ள கார்களில் அந்த யூனிட்டே இப்படிக் கசியவிடுவதும் உண்டு.

டேஷ்போர்டு மட்டும் இருட்டா?

இது வேறு சர்க்யூட். மீட்டர் விளக்குகள் பொதுவாக பார்க்கிங் லைட்டோடு சேர்ந்தவை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் அதை முதலில் திருப்பிப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் இறங்கிப் போய்ப் பின்பக்கம் பாருங்கள். பல கார்களில் மீட்டர் விளக்குக்கும் டெயில் லைட்டுக்கும் ஒரே ஃப்யூஸ். உள்ளே மீட்டர் தெரியவில்லை என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். பின்னால் வரும் லாரிக்கு உங்கள் காரே தெரியாது.

ஃப்யூஸில் மட்டும் விளையாட வேண்டாம்

பிளேடு ஃப்யூஸ்களின் நிறம் ஆம்பியரைச் சொல்லும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. 10 இருந்த இடத்தில் 10தான். மாற்றிய ஃப்யூஸ் மறுபடியும் போனால், எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். "30 போட்டுடலாம், போகாது" என்று யாராவது சொன்னால், சாக்லேட் தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றினால், ஃப்யூஸ் போகாதுதான். அதற்குப் பதில் ஒயர் சூடாகி உருகும். அந்த ஒயர் ஓடுவது கூரைத் துணிக்கும் தரை கார்பெட்டுக்கும் அடியில். கார் தீப்பிடிக்க வழி இது.

எப்போது எலெக்ட்ரீஷியனிடம் போக வேண்டும்?

ஃப்யூஸ் இரண்டாவது முறை போனால், பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தால், எல்லா லைட்டையும் அணைத்த பிறகும் பேட்டரி இறங்கினால் நேராக ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் தொடாதீர்கள். அது பெரும்பாலும் ஏர்பேக்குக்கானது.

போகும்போது "கரன்ட் பிரச்சினை" என்று மட்டும் சொல்லாமல், "ஆன்ல எரியுது, பின்னாடி இடது கதவைத் திறந்தா மட்டும் எரியல" என்று சொல்லுங்கள். அவருக்குத் தேடும் நேரம் மிச்சம், உங்களுக்குக் கூலி மிச்சம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களும் நான்கு கதவையும் டிக்கியையும் ஒவ்வொன்றாகத் திறந்து லைட்டைப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை. டோர் ஸ்விட்ச்சுகளில் கனமான துரு, கனெக்டர்களில் பச்சைக் களிம்பு, டிக்கி லைட் மூடிக்குள் சேற்றுக் கறை இருந்தால், அந்த கார் தண்ணீரில் நின்றதா என்று கட்டாயம் கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. புது பெயின்ட் எதையும் மறைக்கும், டோர் ஸ்விட்ச்சைக் கழற்றித் துடைக்கப் பலருக்குத் தோன்றாது.