கேபிளின் கவசமே சூடேறினால்?

சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகளைப் பார்த்து மகிழ்வோர் பலர். அந்த மின்சாரம் தரைக்கு அடியில் கேபிள் வழியாக வருவதை நினைத்துப் பார்ப்போர் சிலரே. புதைக்கும் கேபிள்கள் அடிபடாமல் இருக்க, அவற்றைச் சுற்றி உலோகக் கம்பிகளால் கவசம் போடுவதுண்டு.

கவசத்திற்கு எஃகுதானே உறுதி? மூன்று, நான்கு கம்பிகள் ஒன்றாகச் செல்லும் கேபிளுக்கு எஃகு சரி. ஆனால் ஒரே கம்பி செல்லும் ‘சிங்கிள் கோர்’ கேபிளில் மாறுதிசை மின்சாரம் ஓடினால், எஃகுக் கவசம் ஆகாது.

காரணம் என்ன? மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும் என்பதை 1820ல் டென்மார்க் அறிவியலாளர் ஊர்ஸ்டெட் கண்டறிந்தார். சிங்கப்பூர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. காந்தப்புலமும் அதோடு மாறிக்கொண்டே இருக்கும். கம்பிகள் சேர்ந்து சென்றால், போகும் மின்சாரத்தின் புலத்தைத் திரும்பும் மின்சாரத்தின் புலம் சமன்செய்துவிடும். தனிக் கம்பிக்கு அந்தத் துணை இல்லை. சுற்றியுள்ள எஃகு சூடேறும்.

சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். இரும்புச் சட்டி சூடேறும்; சாதாரண அலுமினியப் பாத்திரத்தை அந்த அடுப்பு ஏற்காது. சிங்கிள் கோர் கேபிளுக்கு அலுமினியக் கவசம் போடுவதும் இதனால்தான்.

இதில் ஆபத்து எங்கே? கம்பியில் ஓடும் மின்சாரம் அளவுக்குள் இருப்பதால் சர்க்கியூட் பிரேக்கர் விழாது. வெப்பம் மட்டும் சத்தமில்லாமல் கூடும். சாதாரண பிவிசி உறை தாங்குவது 70 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் சூடேறினால் உறை நாளடைவில் கெட்டு, தீ விபத்துக்கு இடமாகும்.

கவசத்தை மாற்றினால் மட்டும் போதாது. கேபிள்கள் மின்பெட்டிக்குள் நுழையும் தகடு இரும்பாக இருந்து, ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனித் துளை போட்டால் அந்தத் தகடும் கொதிக்கும். பித்தளை அல்லது அலுமினியத் தகடு வேண்டும். கடைகளில் இரும்புக் குழாய்க்குள் கம்பி இழுக்கும்போதும் போகும் கம்பி, வரும் கம்பி இரண்டும் ஒரே குழாயில் செல்ல வேண்டும்.

தேக்கா வட்டாரத்தில் கடையைப் புதுப்பிப்போர், மலிவான விலையில் மயங்கிவிடக் கூடாது. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே வேலையைக் கொடுங்கள். “கேபிளின் கவசம் என்ன உலோகம்? நுழையும் தகடு எது?” என்று கேளுங்கள். சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் மறைந்த பிறகு அவற்றைப் பார்க்க முடியாது.