சலப்பையும் இடுப்புத்தளத் தசைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்குக் கிழக்கே அமைந்துள்ள மயிலிட்டி, மீன்பிடித்துறையால் மாத்திரமன்றிக் காசநோய் வைத்தியசாலையொன்றாலும் ஒருகாலத்திற் பெயர்பெற்றிருந்தது. கடற்காற்று நெஞ்சு நோயாளர்க்கு நன்மை பயக்கும் என்று வைத்திய உலகம் நம்பிய நாளிலே இத்தகைய நிலையங்கள் பல நாடுகளிலும் கடலோரங்களில் எழுந்தன. 1990 ஆம் ஆண்டிலே ஊரவர் இடம்பெயர்ந்தபோது மயிலிட்டி வைத்தியசாலையும் வெறிச்சோடியது. நெடுநாள் இருமலால் வருந்துவோர் இருமலையும் சளியையும் காய்ச்சலையும் பற்றி வைத்தியரிடம் விரிவாகக் கூறுவர். ஆனால், பலமாக இருமும்பொழுது தம்மையறியாமற் சில துளி சலம் கசிந்து ஆடை நனைவதைக் கூறுவோர் மிகச் சிலரே. எந்த நாட்டிலும் நெஞ்சு நோயாளரிடையே இத்துன்பம் மிகுதி. அங்ஙனமிருந்தும் அது நோய்க்குறிப்பில் ஏறுவது அரிது.

சலம் அடங்காமை என்னும் இக்குறை இருமுவோர்க்கு மட்டும் உரியதன்று. பிள்ளை பெற்ற பெண்கள், மாதவிடாய் நின்ற பெண்கள், புரொஸ்ரேற்றுச் சுரப்பியிற் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஆண்கள், முதியோர் ஆகிய பலரிடத்தும் இது காணப்படும். யாழ்ப்பாணத்திலே ‘சலரோகம்’ என்றால் நீரிழிவையே குறிக்கும். ஆகவே சலத்தைப்பற்றி வாயெடுத்தவுடன் கேட்போர் சர்க்கரையைப்பற்றிப் பேசத் தொடங்குவர், சொல்ல வந்தவர் சொல்லாமலே திரும்பிவிடுவார். பிறகு அவர் கோயில் திருவிழாவுக்குப் போவதைக் குறைப்பார். பேருந்திலே நெடுந்தூரம் செல்ல அஞ்சுவார். கலியாண வீட்டிலே வாசலுக்கு அருகில் இடம்பிடிப்பார். ‘வயது போனால் இப்படித்தான்’ என்று வீட்டாரும் அமைதியடைவர். இவ்வமைதி தவறானது. இக்குறையிற் பெரும்பகுதி ஒரு தசைக்கூட்டத்தின் தளர்ச்சியால் வருவது. தளர்ந்த கைத்தசையைப் பயிற்சியால் வலுப்படுத்த இயலுமாயின், கண்ணுக்குத் தெரியாத இத்தசையையும் அவ்வாறே வலுப்படுத்தலாம்.

சலப்பை என்பது தசையாலான ஒரு பை. வளர்ந்தோரின் சலப்பை சாதாரணமாக 400 முதல் 500 மில்லிலீற்றர் வரை கொள்ளும். அதிற் பாதியளவு நிரம்பும் முன்னரே முதலுணர்ச்சி தோன்றிவிடும். பை நிரம்பும்போது அதன் சுவர் தளர்ந்து இடங்கொடுக்க, வாயில் இறுகி நிற்க வேண்டும். கழிக்கும்போது சுவர் சுருங்க, வாயில் தளர வேண்டும். அவ்வாயிலைத் தாங்குவதே இடுப்புத்தளம். முன்புறத்துப் பூப்பெலும்பிலிருந்து பின்புறத்து வாலெலும்பு வரை, குழந்தையைக் கிடத்தும் ஏணைச் சீலைபோல, இத்தசை தொங்கி நிற்கின்றது. சலப்பை, பெண்களிற் கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றும் அதன்மீதே தங்கியுள்ளன. இருமல், தும்மல், சிரிப்பு, பாரந் தூக்குதல் ஆகியவற்றால் வயிற்றினுள் அமுக்கம் திடீரென உயரும்போது, ஏணை இறுக்கமாக இருந்தால் சலவழி அதன்மேல் நசிந்து மூடிக்கொள்ளும். ஏணை தொய்ந்திருந்தால் சலவழி கீழிறங்கித் திறந்துவிடும். பெண்களின் சலவழி ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் நீளமே உடையது. ஆண்களுக்கு அது ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர். பெண்கள் இத்துன்பத்துக்கு மிகுதியும் ஆளாவதற்கு மகப்பேற்றோடு இவ்வேறுபாடும் ஒரு காரணமாகும்.

ஏணையைத் தொய்யச் செய்வன பல. மகப்பேற்றிலே தசையும் அதற்குச் செல்லும் நரம்பும் இழுபடுகின்றன. நாட்பட்ட இருமல், மலச்சிக்கலால் முக்குதல், மிகுந்த உடற்பருமன், ஓயாத பாரச்சுமை ஆகியவை மேலிருந்து அமுக்குகின்றன. மீன்கடகத்தைக் கீழிருந்து தலைக்குத் தூக்கும் பெண்ணும், கிணற்றிலே நாள்தோறும் நீர் இறைப்பவளும் இவ்வமுக்கத்தை நன்கறிவர். மயிலிட்டி மக்களிற் பலர் 1990 முதல் 2017 இல் மீன்பிடித்துறையும் ஒருபகுதி நிலமும் விடுவிக்கப்படும்வரை நலன்புரி நிலையங்களில் வாழ்ந்தனர். பல குடும்பங்களுக்குப் பொதுவான மலசலகூடம், இரவிலே அதற்குச் செல்லும் தூரம், இருள் என்பவற்றை எண்ணுவோர்க்கு, சலத்தை மணிக்கணக்காக அடக்கிவைத்தலும் தண்ணீர் குடிப்பதையே குறைத்தலும் ஏன் பெண்களின் வழக்கமாகின்றன என்பதை விளக்க வேண்டியதில்லை.

கூச்சத்துக்கு மொழி காரணம் அன்று என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று. 1847 ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மாணவர்க்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியாற் பிரசவ வைத்தியம் 1857 இலும், மனுஷ அங்காதிபாதம் 1872 இலும் தமிழில் வெளிவந்தன. பிற நாட்டார் ஒருவர் இடுப்பினுள் உள்ள உறுப்புகளுக்கெல்லாம் தமிழ்ப் பெயரிட்டு அச்சேற்றி நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தபின்னும், அவற்றைச் சொல்லத் தமிழர் நாவே தயங்குவது வியப்புக்குரியது.

இத்தசைகளுக்கென நவீன மருத்துவம் பயிற்சி வகுத்தது அண்மைக்காலத்திலேதான். நடனக் கலைஞராயிருந்து இயன்மருத்துவமும் பயின்ற ஆங்கிலப் பெண்மணி மார்கிறெற் மொறிஸ், 1936 இல் வெளியிட்ட மகப்பேற்றுக்கால உடற்பயிற்சி நூலில் இத்தசைகளைச் சுருக்கி விடுதலைப்பற்றி எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1948 இல், அமெரிக்கப் பெண்ணோய் மருத்துவர் ஆர்னல்ட் கீகல் தம் கட்டுரையால் அதனை உலகறியச் செய்தார். தசை எவ்வளவு வலுவாகச் சுருங்குகின்றது என்பதை நோயாளரே கண்டறியுமாறு அமுக்கமானியொன்றையும் அவர் அமைத்தார். இன்றும் இப்பயிற்சி அவர் பெயராலேயே வழங்குகின்றது. 2018 இல் வெளிவந்த கொக்கிரேன் ஆய்வுத் தொகுப்பு, 31 பரிசோதனைகளிற் பங்குபற்றிய 1817 பெண்களின் முடிவுகளை ஆராய்ந்தது. இருமல், தும்மலின்போது கசியும் வகையினரிற் பயிற்சி செய்தோருள் நூற்றுக்கு 56 பேர் குணமடைந்ததாகக் கூறினர். பயிற்சியின்றி இருந்தோருள் அவ்வாறு கூறியவர் நூற்றுக்கு 6 பேரே. மருந்தும் கத்தியும் இல்லாத ஒரு முறைக்கு இது சிறிய பயன் அன்று.

மூலபந்தம் என்னும் யோகப் பயிற்சியை அறிந்தோர் இவ்விடத்து, ‘இது நம்முன்னோர் கண்டதே’ என்பர். அக்கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. ஹடயோகப் பிரதீபிகை கூறும் மூலபந்தத்திலும், கேரண்ட சங்கிதை கூறும் அசுவினி முத்திரையிலும் அடிப்புறத் தசைகளைச் சுருக்கும் செயல் இருக்கின்றது. ஆயினும் நோக்கமும் முறையும் வேறு. யோகி அபானவாயுவை மேலெழுப்ப முயல்கின்றான். சலத்தை அடக்குதல் அவன் கருத்தன்று. அன்றியும் மூலபந்தம் மூச்சை உள்நிறுத்தும் கும்பகத்தோடு சேர்வது. இப்பயிற்சியிலோ மூச்சை அடக்குதலே பெரும்பிழை. அடக்கினால் வயிற்றமுக்கம் உயர்ந்து, வலுப்படுத்த வேண்டிய தசையையே கீழே தள்ளிவிடும். சுருக்கலும் விடுதலும் மாறிமாறி வரும் அசுவினி முத்திரையே இதற்குச் சற்று நெருங்கியது.

முதலிலே உரிய தசையை இனங்காணல் வேண்டும். வாயு வெளியேறாமல் தடுப்பதுபோலவும், அதே வேளையில் சலத்தை நிறுத்துவதுபோலவும் உள்நோக்கி மேலே இழுத்துப் பார்த்தால் அத்தசை தென்படும். வயிறு உப்புதல், பிட்டம் இறுகுதல், தொடைகள் ஒன்றையொன்று நெருக்குதல் ஆகியன தவறான தசைகள் உழைப்பதற்கு அறிகுறிகள். சலம் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகும்படி சிலர் சொல்வதுண்டு. அதனை வழக்கமாகச் செய்தல் ஆகாது. பையிலே மிச்சம் தங்குவதற்கு அது வழியாகலாம். தசையை இனங்கண்டபின், இயன்ற அளவு வலுவாகச் சுருக்கி, ஆறு முதல் பத்து வரை எண்ணும் நேரம் பிடித்து, அவ்வளவு நேரம் முற்றாகத் தளரவிட வேண்டும். தொடக்கத்தில் மூன்று எண்ணுவதே இயலுமாயின் அதுவே போதும். இவ்வாறு எட்டுத் தடவைக்குக் குறையாமல், நாளொன்றுக்கு மூன்று வேளை செய்தல் முறை. அவற்றோடு, சட்டெனச் சுருக்கி உடனே விடும் விரைவுச் சுருக்கங்கள் சிலவும் சேர்க்கப்படும். தும்மல் எச்சரித்துவிட்டு வருவதில்லையன்றோ! படுத்திருந்து பழகியபின் அமர்ந்தும் நின்றும் செய்யலாம். அடுப்படியில் நிற்பவர் செய்வதையும் பேருந்தில் அமர்ந்திருப்பவர் செய்வதையும் பக்கத்தில் இருப்பவரும் அறியார்.

பயிற்சியால் வலுவேறிய தசையை உரிய கணத்தில் இயக்குதலும் கற்கவேண்டியதே. இருமல் வருமுன், கடகத்தைத் தூக்குமுன், தசையை முன்கூட்டியே இறுக்கிக்கொள்ள வேண்டும். 1998 இல் அமெரிக்க ஆய்வாளர் இதனை முதிய பெண்களுக்குக் கற்பித்து, ஒரு வாரத்துக்குள்ளேயே இருமலின்போது கசிவு பெரிதும் குறைந்ததைக் கண்டனர். தசை வலுக்க மாதங்கள் வேண்டும். இச்சாமர்த்தியத்துக்கு அவ்வளவு நாள் வேண்டியதில்லை.

இன்னொரு வகையினர்க்கு இருமலின்றியே திடீரென அவசரம் தோன்றும். மலசலகூடத்தை அடையுமுன் ஆடை நனைந்துவிடும். இங்கே குறை பெரும்பாலும் சலப்பைச் சுவர் காலமல்லாக் காலத்திற் சுருங்குவதால் வருவது. அவசரம் எழும்போது ஓடாமல் நின்று அல்லது அமர்ந்து, தசையைச் சிலமுறை சுருக்கினால் உணர்ச்சி அலைபோல் எழுந்து தணியும். தணிந்தபின் மெல்ல நடந்து செல்லலாம். கழிக்கும் இடைவேளையையும் சிறிது சிறிதாக நீட்ட வேண்டும். தேநீரையும் கோப்பியையும் குறைப்பது உதவும். தண்ணீரைக் குறைப்பதோ எதிர்விளைவு தரும். செறிந்த சலம் பையை உறுத்தி அவசரத்தை மிகுவிக்கும்.

கருவுற்ற காலத்திலேயே பயிற்சியைத் தொடங்குவோர்க்குப் பின்னாளிற் கசிவு ஏற்படும் வாய்ப்புக் குறைவு. ஆதலின் கருப்பவதிகளின் சிகிச்சை நிலையமே இதனைக் கற்பிக்கத் தக்க இடம். வீடுதோறும் செல்லும் மருத்துவமாது இதனைப் பேசத் தொடங்கினால், பெண்கள் தாமாகக் கேட்கவேண்டிய கூச்சமும் நீங்கும். புரொஸ்ரேற்றுச் சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமாகும் ஆண்கள் முன்கூட்டியே பழகிக்கொள்வது நன்று. சலத்தில் இரத்தம், கழிக்கும்போது எரிவு, சலம் தடைப்படல், கால்களிலோ இருக்கைப் பகுதியிலோ திடீர் மரப்பு, கருப்பை கீழிறங்கி வெளித்தோன்றல் ஆகியன உள்ளோர் பயிற்சியை நம்பிக் காத்திராமல் முதலில் வைத்தியரைக் காணவேண்டும். மற்றையோர் குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து செய்தபின்னரே பயன் உண்டா இல்லையா என்று தீர்மானிக்கலாம். முதல் மாதத்திலே மாற்றம் ஒன்றும் தோன்றாமையால் கைவிடுவோர் பலர். மூன்று மாதம் முடிந்தும் கசிவு குறையாதோர்க்குப் பெரும்பாலும் தசையைச் சுருக்கும் முறையிலேயே பிழையிருக்கும். இயன்மருத்துவர் ஒருவர் பரிசோதித்துத் திருத்தினால் அவருட் பலர் மறுபடி தொடங்கிப் பயன்பெறுவர்.